ஐப்பசியில் கறுத்த இரும்பு

மட்டக்களப்பில் பஸ் ஏறிக் கல்முனை வீதியில் தெற்கே வந்தால் காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, புதுக்குடியிருப்பு, கிரான்குளம் கழிய எங்கள் ஊர் குருக்கள்மடம் வரும். கிழக்கே கடல், மேற்கே ஆறு. புத்தகங்களில் வாவி என்று எழுதியிருக்கும் 56 கிலோமீற்றர் நீளத் தண்ணீரை ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். இரண்டுக்கும் நடுவே மணல், தென்னை, வளவுகள், ஒரு தார் வீதி. நாங்கள் உண்ட சோற்றில் பெரும்பகுதி ஆற்றுக்கு அங்கால், படுவான்கரையில் விளைந்தது. குருக்கள்மடத் துறையிலிருந்து அம்பிளாந்துறைக்குப் போகும் பாதை என்ற மிதவையில் மாடும் வண்டியும் விதைநெல்லும் மனிதரும் ஒன்றாக ஏறி அக்கரை போவார்கள். விதைப்புக் காலத்தில் அந்தப் பாதையில் இன்னொரு சாமானும் போகும். சாக்கில் சுற்றி, வாழைநாரால் இரண்டு இடத்தில் கட்டி, தண்ணீர் தெறிக்காமல் மடியில் கிடத்தியிருப்பார்கள். துவக்கு.

மட்டக்களப்பான் துவக்கைப் பற்றி எழுத வந்தால் எல்லோரும் ஒரே கதையைத்தான் எதிர்பார்ப்பார்கள். அந்தக் கதைக்கும் வருவேன், வராமல் முடியாது. ஆனால் கலப்பை, மண்வெட்டி, கத்தியோடு சேர்த்து எண்ணப்படும் வயற்சாமானாகத் துவக்கு இருந்த காலமும் எங்கள் ஊரில் இருந்தது. நான் கண்டது 1960களின் கடைசியும் 70களும்.

பெரும்போகத்து வேளாண்மை குடலை தள்ளும் மார்கழியில் காட்டுப்பன்றி இறங்கத் தொடங்கும். கதிர் பால் பிடிக்கும்போது கூட்டமாக வரும். பன்றி தின்பது கொஞ்சம். உழக்கிப் புரண்டு நாசமாக்குவதுதான் அதிகம். ஒரு ராத்திரிக் கண்ணயர்வில் ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சாப்பாடு சேற்றோடு சேர்ந்துவிடும். அதனால் வட்டை முழுக்கக் காவற்பரண்கள். தீ மூட்டுவார்கள், தகரம் தட்டுவார்கள், கூவுவார்கள், நித்திரை வராமலிருக்க விடிய விடியப் பாட்டுப் பாடுவார்கள். ஒன்றுக்கும் அசையாத பன்றிக்குத்தான் வெடி. தோட்டா விற்ற விலைக்கு யாரும் விளையாட்டுக்குச் சுடமாட்டார்கள். யானைக்கு மேல்வெடி மட்டும்; அதைச் சுட்டுக் காயப்படுத்தினால் மறுநாள் பரணும் இராது, பரணில் இருந்தவனும் இரான் என்று வெடிக்காரர்கள் அறிவார்கள்.

என் அம்மப்பாவிடம் ஒரு துவக்கு இருந்தது. எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண் பிள்ளைகளுக்குத்தான் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் வந்து வீட்டோடு சேர்வார். அம்மப்பா அப்படி வந்தவர். வயல் அம்மம்மாவுடையது. துவக்கின் அனுமதிப் பத்திரம் மட்டும் அம்மப்பாவின் பேரில். அந்த வீட்டில் எழுத்து மூலமாகத் தனக்கென்று உள்ள ஒரே சொத்து அதுதான் என்று அவர் பகிடியாகச் சொல்வார். அம்மம்மா சிரிக்கமாட்டா.

இரட்டைக்குழல், 12 போர், வெளியே குதிரைகள் தெரிகிற பழைய மாதிரி. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் செய்தது. குழலின் அடியில் ஒரு முட்டை வட்டம், அதற்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள், மேலே சின்னக் கிரீடம். குழல் வெடிக்காது என்று சோதித்துப் பார்த்து லியேஜ் சோதனைச்சாலை அடிக்கும் முத்திரை அது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்த நகரத்துப் பட்டறைகள் உலகம் முழுவதற்கும் மலிவான வேட்டைத் துவக்குகளை அனுப்பிக்கொண்டிருந்தன. பர்மிங்காம் முத்திரை உள்ள இங்கிலீசுத் துவக்குப் பெரிய நிலக்காரப் போடிமாரிடம்தான் இருக்கும். எங்களுடையது போல நடுத்தர வீடுகளுக்குப் பெல்ஜியம்.

மலிவு எங்கே தெரியும் என்றால் விளிம்பில் தெரியும். நல்ல துவக்கில் குழலையும் தட்டையும் செய்து முடித்த பிறகு ஒரு ஆள் இருந்து ஒவ்வொரு மூலையையும் கையால் தேய்த்து மழுக்கியிருப்பான். அந்தக் கூலியை மிச்சம் பிடித்தால் துவக்கின் விலை இறங்கும். அம்மப்பாவின் துவக்கில் விசைக்காவல் வளையத்தின் ஓரமெல்லாம் கத்தி. குதிரைகளின் பெருவிரல் படும் முனை கத்தி. திறக்கிற நாக்கின் ஓரமும் சோங்கின் அடித்தகடும் அப்படியே. கடையில் வைத்துப் பார்த்தால் இதொன்றும் தெரியாது. மார்கழிப் பனியில் பரணில் குந்தியிருந்து, விறைத்த பெருவிரலால் குதிரையை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். வெடி வைத்தால் அடுத்த நொடி நடுவிரலின் கணுவை வளையம் வந்து இடிக்கும். அம்மப்பாவின் நடுவிரலில் ஒரு தழும்பு ஆறி ஆறித் திரும்பவும் பிளக்கும்.

அந்தத் துவக்கைத்தான் ஒரு புரட்டாதிக் கடைசியில் கொல்லர் மாமாவின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அவரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவதை ஊரில் சில பெரியவர்கள் விரும்பவில்லை. சாதி. அம்மப்பா மட்டும், "இரும்பை வளைக்கிற மனிசனுக்கு மரியாதை குடுங்கடா" என்று எங்களை அதட்டுவார்.

பட்டறை ஆற்றுப் பக்கம், துறைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. கிடுகுக் கூரை, சுவர் இல்லை. தோல் துருத்தி, ஒரு பட்டடைக்கல், சிரட்டைக்கரிக் குவியல், தண்ணீர்த் தொட்டி. அவருடைய வருமானம் கலப்பைக் கொழு, அரிவாள், கத்தி, வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டம். துவக்கு வேலை ஆண்டுக்கு ஒரு சில வரும். துவக்குச் செய்ய அவருக்குத் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்பார். உண்மையில் தெரியும் என்றே நினைக்கிறேன். காட்டோரத்தில் கள்ளத்தனமாகப் புழங்கிய இடியன் துவக்குகளையும், விலங்கு தட்டுகிற கயிற்றில் வெடிக்கும் கட்டுத்துவக்குகளையும் பற்றிப் பேச்சு வந்தால் அவர் முகம் இறுகிவிடும். பன்றிக்குக் கட்டியதில் தேனெடுக்கப் போன மனிதனின் கால் போன கதைகள் படுவான்கரையில் நிறைய உண்டு. பத்திரம் உள்ள துவக்கை மட்டும்தான் தொடுவார். பத்திரத்தைக் காட்டினால் போதாது. அதில் எழுதிய இலக்கமும் இரும்பில் வெட்டிய இலக்கமும் ஒன்றுதானா என்று, எழுத்து வாசனை அதிகமில்லாத மனிதர், ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் பார்ப்பார்.

அன்று அவர் முதலில் செய்த வேலை எனக்கு விளங்கவில்லை. சிரட்டைக்கரியைப் பொடித்து எண்ணெயில் குழைத்து அம்மப்பாவின் உள்ளங்கை, விரல்கள் எல்லாம் பூசினார். பிறகு வெறுந்துவக்கைக் கையில் கொடுத்து, பன்றி நிற்பதாக நினைத்துத் தூக்கு, குதிரையை இழு, திற, மூடு என்றார். அம்மப்பா வெட்கத்தோடு செய்து காட்டினார். முடிந்ததும் மாமா கையைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார். தோலில் கரி வழிக்கப்பட்டுக் கோடு விழுந்த இடமெல்லாம் விளிம்பு கடித்த இடம். அங்கெல்லாம் சோக்கட்டியால் புள்ளி வைத்தார். புள்ளி இல்லாத மூலை எவ்வளவு கூராக இருந்தாலும் அதை அவர் தொடவில்லை.

"எல்லாத்தையும் உருட்டினா அது துவக்கில்ல மனே, சவர்க்காரக் கட்டி," என்றார் என்னிடம்.

அரம் பிடிப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் அரத்தின் பல்லில் சோக்கைத் தேய்ப்பார். அப்படிச் செய்தால் இரும்புத்தூள் பல்லுக்குள் அடைந்து வேலையைக் கீறாது. விளிம்பில் 45 பாகைச் சாய்வில் நூலளவு ஒரு சரிவு எடுப்பார். ஒரு விளிம்பு இரண்டாகும். அந்த இரண்டின் மேலும் இன்னும் மெல்லிய சரிவு. நாலாகும். அதற்குமேல் அரம் வேண்டாம். எமரிச் சீலையைப் பட்டியாகக் கிழித்து, இரண்டு முனையையும் பிடித்து, பட்டணத்தில் சப்பாத்துத் துடைப்பவன் துணியை இழுப்பதைப் போல மாறி மாறி இழுப்பார். சரிவுகள் கரைந்து வளைவாகும். கண்ணுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. விரலை ஓட்டினால் தெரியும். வளையத்தின் உட்புறத்துக்கு வட்ட அரம். சோங்கின் மரத்துக்குப் பராய் இலை. அந்த இலையின் சொரசொரப்பு மரத்தை இழைப்பதற்கென்றே படைக்கப்பட்டது. காய்ந்த இலையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் கடைத் தாள் கொடுக்காத வழவழப்பு வரும்.

தொடக்கூடாத இடங்கள் என்று அவர் வைத்திருந்தவை முக்கியம். குழலும் தட்டும் பூட்டிக்கொள்ளும் முகங்கள். அங்கே மயிரிழை குறைந்தாலும் துவக்கு ஆடத் தொடங்கிவிடும். குதிரையின் அடியில் விசை கொளுவி நிற்கும் பல். அதன் கூர் மழுங்கினால் துவக்கு நினைத்த நேரம் வெடிக்கும். குழல்வாய். அப்புறம் சோதனை முத்திரையும் இலக்கமும். இலக்கம் இருந்த இடத்தில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, மேலே துணி சுற்றி, அரம் தவறிப் போனாலும் படாதபடி செய்தார். முத்திரை ஏற்கனவே பாதி தேய்ந்திருந்தது, அதற்கும் மெழுகு.

"இது போனா இது ஆர்ர துவக்கு எண்டு ஆருக்கும் தெரியாது. ஆர்ரயோ துவக்கு எண்டா ஆரும் சுடலாம்," என்றார். அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அரம் பட்ட இடமெல்லாம் வெள்ளை இரும்பு தெரியும். அதைக் கறுப்பாக்காமல் விட்டால் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊரின் உப்புக் காற்று கிழமைக்குள் தின்றுவிடும். கறுப்பாக்குவதுதான் ஐப்பசி வேலை. வெட்டிப் பிரித்துச் சொல்வதானால் அது துருவை வைத்தே துருவை மறிக்கும் வித்தை. இரும்பின் மேல் செந்துருவை வேண்டுமென்றே பிடிக்க வைத்து, அதைக் கொதிநீரில் வேகவைத்தால் கருந்துருவாக மாறி இரும்போடு ஒட்டிவிடும். செந்துரு உதிரும், உள்ளே உள்ளே தின்னும். கருந்துரு உதிராது, காந்தம் பிடிக்கும், எண்ணெயையும் ஈரமில்லாமல் பிடித்து வைத்திருக்கும். ஐரோப்பாவில் நல்ல துவக்குகளுக்கெல்லாம் இப்படித்தான் மெருகு கொடுத்தார்கள். தொழிற்சாலைகள் பின்னால் கண்டுபிடித்த விரைவு முறையில் காரச்சோடாவும் நைத்திரேற்றும் கலந்த கரைசலை 140 பாகை செல்சியஸ் அளவுக்குக் கொதிக்க வைத்து இரும்பை முக்குவார்கள். அரைமணி நேரத்தில் கறுத்துவிடும். ஆனால் பழைய இரட்டைக்குழலில் இரண்டு குழலையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப்பற்று. காரச்சோடா அதைத் தின்றுவிடும். எங்கள் மாமாவுக்குக் காரச்சோடாக் கதை தெரியாது. அவரிடம் இருந்த ஒரே முறையே அந்தத் துவக்குக்கு உகந்த முறையாகவும் இருந்தது.

முதலில் குழல்களின் இரண்டு வாயிலும் மரக்கட்டை அடைத்தார், உள்ளே துருப் பிடிக்காமலிருக்க. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டைகள்தான் இனிக் கைபிடி. சாம்பலையும் வெந்நீரையும் போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பசை முழுவதையும் எடுத்தார். அதற்குப் பிறகு இரும்பில் ஒருவர் கையும் படக்கூடாது. நான் தொடப்போனபோது, "உன்ட வேர்வை நாளைக்கு அதில எழுத்தாக் கிடக்கும்," என்று தடுத்தார். தென்னங்கள்ளுப் புளித்த வினாகிரியில் உப்பும் கொஞ்சம் துரிசும் கரைத்து, பழந்துணியில் தோய்த்துப் பிழிந்து, ஒரே இழுப்பில் மெல்லிய ஈரமாகத் தடவினார். வழியக்கூடாது, வழிந்தால் கோடு கோடாகக் கறுக்கும். பிறகு குழலைக் கிணற்றடியில், நனைத்த சாக்குத் திரைக்கு உள்ளே தொங்கவிட்டார்.

ஆனி ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றில் இந்த வேலை சரிவராது; இரும்பு காய்ந்து கிடக்கும். ஐப்பசியில் மழை இருட்டுக் கட்டிவிட்டால் ஓரிரவு போதும். காலையில் போய்ப் பார்த்தால் மரவள்ளித் தோலின் நிறத்தில் ஒரே சீராகச் செந்துரு பூத்திருக்கும். அதை அப்படியே நீளத் தகரத் தொட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பார். தண்ணீர் மழைத்தண்ணீராக இருக்கவேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் உண்டு. அதில் வேகவைத்தால் வெள்ளைத் திட்டு விழும். அதற்காகவே கூரைத் தண்ணீரைப் பானையில் பிடித்து மூடி வைத்திருப்பார். கால்மணி நேரம் கொதித்ததும் சிவப்பெல்லாம் கறுப்பு வெல்வெட்டுப் பொடியாக மாறியிருக்கும். தும்பாலும் மெல்லிய கம்பித் தூரிகையாலும் பொடியைத் தட்டினால் அடியில் ஒரு சாம்பல் நிழல். அவ்வளவுதான் முதல் நாளின் பலன். திரும்பவும் தடவு, தொங்கவிடு, கொதிக்க வை, தட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் நிழல் கொஞ்சம் கறுக்கும். ஆறேழு சுற்றில் ஆற்றுத் தண்ணீர் ராத்திரியில் காட்டும் கறுப்பு வரும். நீலமும் இல்லை, முழுக் கறுப்பும் இல்லை. சூடு ஆறுமுன் தையல் மெஷின் எண்ணெயைப் பூசி ஒரு நாள் தொடாமல் வைத்துவிடுவார். ஆங்கிலேயர் காலத்தில் றங்கூன் எண்ணெய் என்று துவக்குக்கென்றே ஒன்று புட்டியில் வந்ததாம். அதைப் பற்றி அவர் பேசும்போது நெய்யைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டு நான் நேரே பட்டறைக்குத்தான் போவேன். மழையில் நனைந்த சிரட்டைக்கரியின் மணமும் வினாகிரிப் புளிப்பும் கொதிக்கும் இரும்பின் மணமும் இன்றைக்கும் எங்காவது சேர்ந்து வந்தால் நடை நின்றுவிடுகிறது.

கைத்துவக்கு ஒன்று அந்தப் பட்டறைக்கு வந்ததை ஒரு தடவைதான் கண்டேன். வெளியூரிலிருந்து வந்து கடற்கரைப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒருவருடையது. வெப்லி. மேலே ஒரு நாக்கைத் தள்ளினால் குழல் முன்பக்கமாகக் குனிந்து, வெடித்த கோதுகளைத் தானே தள்ளிவிடும் மாதிரி. பிடியின் அடியில் கயிறு கட்ட ஒரு வளையம். அதுவரை கைத்துவக்கை நாங்கள் இன்ஸ்பெக்டர்மாரின் இடுப்பில், உறைக்குள்தான் பார்த்திருந்தோம். பத்திரம் சரியாக இருந்தது. இலக்கமும் சரி. குதிரையின் வால் முனை தன் விரலைக் கிழிக்கிறது, தோலுறையையும் அறுக்கிறது, மழுக்கித் தரவேண்டும். கறுப்பு உரிந்துவிட்டது, புதிதாக்கவும் வேண்டும் என்றார் தோட்டக்காரர்.

கொல்லர் மாமா அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "பண்டிக்கு இது பத்தாதே, ஐயா?" என்றார்.

"பண்டிக்கு இல்ல. கள்ளனுக்கு."

வேலையைச் செய்து கொடுத்தார். முழுத் திறமையோடுதான் செய்தார். அரைகுறையாகச் செய்ய அவருக்குத் தெரியாது. நீளக்குழலை விட அது சிக்கலான வேலை. சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மெழுகும் மரக்கட்டையும் வேண்டும். சுழலும் உருளையின் வெளி விளிம்பை மட்டும் மயிரிழையாக மழுக்கினார். அதன் வாய்களிலும், உருளையைப் பூட்டி நிறுத்தும் குழிகளிலும் சீலையைக்கூடப் படவிடவில்லை. திருகாணித் தலைகளைத் தனியே எடுத்து, கரி நெருப்பின் மேல் தகட்டில் வைத்து, மஞ்சள், ஊதா தாண்டி நீலம் வந்த கணத்தில் எண்ணெயில் போட்டார். அந்த நீலத்தை நான் மயிற்கழுத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அழகாகச் செய்தவர், வேலை முடியும் வரை அதை யாருக்கும் எடுத்துக் காட்டவில்லை. எங்கள் துவக்கை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டியவர். ஏன் என்று கேட்டதற்கு, "அது மனிசருக்கு எண்டே செஞ்ச சாமான்," என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தீவின் இரும்பு வேலைக்காரர்களுக்கு இது பழைய தொழில் என்பதைப் பின்னாளில் கொழும்பில் படிக்கும்போது அறிந்தேன். 1505இல் போர்த்துக்கேயர் வந்த பிறகு ஒரு நூற்றாண்டுக்குள் சிங்களக் கம்மாளர்கள் வெளிநாட்டாரே மெச்சும்படி துவக்குக் குழல்கள் செய்தார்கள். இலங்கையில் செய்யும் குழல்கள் எங்கும் காணாத நேர்த்தி கொண்டவை, வெள்ளியைப் போல ஒளிர்பவை என்ற பொருளில் லின்ஷோட்டன் என்ற ஒல்லாந்தர் 1596இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். கண்டி அரண்மனையிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் அள்ளிக்கொண்டுபோன ஆயுதங்களில் ஆறு, அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்திலிருந்து 2023 இறுதியில் கொழும்புக்குத் திரும்பி வந்தன. வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்த சின்னப் பீரங்கியைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. அதோடு இரண்டு மகா துவக்குகளும் வந்தன. படத்தில் அவற்றைப் பார்த்தபோது அலங்காரத்தை விட்டு விளிம்பைத்தான் தேடினேன். எந்தப் பட்டறையில் எந்தக் கை மழுக்கியதோ, பெயர் எழுதப்படவில்லை. கொல்லனின் பெயரை யார் எழுதினார்கள்.

அனுமதிப் பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க மட்டக்களப்புக் கச்சேரிக்குப் போகவேண்டும். கச்சேரி இருந்தது புளியந்தீவுக் கோட்டைக்குள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்த கோட்டை. துப்பாக்கிச் சட்டம் 1916ஆம் ஆண்டையது. பீரங்கிகள் துருப்பிடித்து நிற்கும் மதிலைக் கடந்து உள்ளே போய், ஒற்றைப் பெல்ஜியத் துவக்குக்கு முத்திரை வாங்கி வருவோம். அம்மப்பா அன்றைக்கு வெள்ளை வேட்டி, சால்வை. பத்திரத்தை நாலாக மடித்துத் தகரப் பெட்டியில், காணி உறுதிகளின் மேலே வைப்பார். இரும்பு, இலக்கம், பத்திரம், பேர், ஊர். ஐந்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி எங்கள் கரையைத் தரைமட்டமாக்கியது. விடிந்து பார்த்தால் தென்னைகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. பட்டறைக் கூரை ஆற்றுக்குள். பட்டடைக்கல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. மாமா திரும்பக் கூரை போட்டார், ஆனால் பழைய மாதிரி வேலை வரவில்லை. உழவு இயந்திரம் வந்து கொழுவைக் குறைத்தது. கடைக்கத்தி மலிந்தது. மகன்மார் வெல்டிங் பழகினார்கள், ஒருவர் சவூதிக்குப் போனார். மாமா நல்ல காலத்திலேயே கண்ணை மூடினார் என்று அம்மா சொல்வா.

1983க்குப் பிறகு, யுத்தம் வந்ததும், துவக்குகள் வீடுகளை விட்டுப் போயின. கொஞ்சத்தைப் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். கொஞ்சத்தை ராத்திரியில் இயக்கப் பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் துவக்கு இரண்டாவது வழியில் போனது. கேட்டு வந்தவனின் வயது அம்மப்பாவின் பேரனின் வயதுதான். அம்மப்பா கொடுக்கும்போது பத்திரத்தையும் சேர்த்து நீட்டினார். "அது தேவையில்ல அப்பு," என்றான் அவன். தேவையில்லைதான். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்த துவக்குகள் எதற்கும் பத்திரம் இருக்கவில்லை. அவை எந்தக் கையையும் கேட்டு விளிம்பு எடுக்கப்பட்டவையும் இல்லை. இராணுவத்தின் கையிலும் இருந்தன, இயக்கங்களின் கையிலும் இருந்தன, பிறகு யார் கையில் என்று கேட்கக்கூடாத கைகளிலும் இருந்தன. ஆற்றுக்கு அங்கால் கொக்கட்டிச்சோலையில் 1987 ஜனவரியிலும் மகிழடித்தீவில் 1991 ஜூனிலும் அரச படைகள் சனங்களைச் சுட்டுக் கொன்றதை எங்கள் ஆட்கள் மறக்கவில்லை. நினைவுநாள் வைக்கிறோம், பேர் வாசிக்கிறோம். வாசிக்கத்தான் வேண்டும்.

ஆனால் குருக்கள்மடத்தைப் பற்றி எழுதுகிறவன் அங்கே நிறுத்திவிட முடியாது. 1990 ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளை விடுதலைப் புலிகள் எங்கள் ஊர் வீதியில் மறித்தார்கள். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள், வியாபாரிகள், பெண்கள், குழந்தைகள். கொண்டுபோய்க் கொன்று, எங்கள் மணலிலேயே புதைத்தார்கள். காத்தான்குடி எங்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. அம்மம்மாவின் சேலை அங்கே வாங்கியது. மாமாவின் பட்டறைக்கு இரும்பு விற்ற வியாபாரி அங்கிருந்துதான் வருவார், தேநீர் குடித்துவிட்டுத்தான் போவார். ஊர்ப்பெயரை இணையத்தில் தேடினால் இன்று முதலில் வருவது பாதையும் இல்லை, ஐயனார் கோயிலும் இல்லை, அந்தப் புதைகுழிதான். நாங்கள் அதற்கு வருத்தப்படுகிறோம், ஊருக்குக் கெட்ட பெயர் என்கிறோம். பெயர் கெட்டது தேடியவர்களாலா?

2014இல் காத்தான்குடிக்காரர்கள் முறைப்பாடு கொடுத்து, களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்கு அது வழக்காக வந்தது. ஒரு தலைமுறை கடந்துவிட்டது. கணவரைத் தேடியவர்கள் பலர் தேடியபடியே இறந்துபோனார்கள். அவர்களின் பிள்ளைகள் கேட்பது பழிவாங்க அல்ல, எலும்பை எடுத்து, ஜனாஸாத் தொழுது, பேரோடு அடக்கம் செய்ய. அன்றைக்கு வீதியில் நின்றவர்கள், வேலிக்குப் பின்னாலிருந்து பார்த்தவர்கள், வண்டில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பியது என்று தெரிந்தவர்கள் இன்னும் சிலர் ஊரிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். எனக்குச் சொந்தக்காரராகவும் இருக்கலாம். உங்களைக் கேட்கிறேன்: தெரிந்த இடத்தைச் சொல்லுங்கள், நீதிமன்றத்தில் சொல்லுங்கள், நீங்கள் உயிரோடிருக்கும்போதே சொல்லுங்கள்.